பாட்டு வாத்தியாரைத் தேடும்போது

(கும்பகோணத்தில் பெற்றோரும் இசை ஆர்வலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஜயதசமி நெருங்குகிறது. இந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும்: "குழந்தையைப் பாட்டில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நல்ல வாத்தியார் யாராவது தெரியுமா?" கேட்டவருக்கு ஒரு பெயரும் ஒரு கைபேசி எண்ணும் கிடைக்கும். நல்ல நாள் பார்த்து வெற்றிலை பாக்கு பழத்தோடு போய்ச் சேர்த்துவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் தேடும்போது பத்துப் பேரைக் கேட்கிறோம். மருத்துவரிடம் போவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பாட்டு வாத்தியார் விஷயத்தில் மட்டும் வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு, பெயர் பெற்றவர் என்ற மூன்றில் ஒன்று அமைந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம்.

அது போதாது என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். முதல் ஆசிரியரிடம் படிந்த சுருதியும் தாளமும் குரலை எடுக்கும் பழக்கமும் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் கூட வரும். நன்றாகப் படிந்தால் அது பெரிய சொத்து. தவறாகப் படிந்துவிட்டால், பின்னால் வரும் ஆசிரியர் புதுப்பாடம் சொல்லித்தர வேண்டிய காலத்தைப் பழைய பிழையைக் களைவதிலேயே செலவிட வேண்டியிருக்கும்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை ஆசிரியரைத் தேடும்போது அவருடைய குரலைப் பார்க்காதீர்கள், மேடைப் புகழைப் பார்க்காதீர்கள், சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்க்காதீர்கள். அவருடைய காதைப் பாருங்கள். உங்கள் பிள்ளை பாடும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தவை.

ஏன் காது? நம் முறையில் முதல் பாடம் சரளி வரிசை. இதை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அந்த ராகத்தைத் தேர்ந்ததில் ஒரு நல்லாசிரியரின் கணக்கு இருக்கிறது. ச ரி க ம என்ற முன்பாதியில் ஸ்வரங்களுக்கு இடையே என்ன தூரமோ, அதே தூரம்தான் ப த நி ச என்ற பின்பாதியிலும். ஒரு பாதி பிடிபட்டால் மறுபாதி கூடவே வந்துவிடும். ஆனால் உள்ளே ஒரு சிக்கலும் உண்டு. சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும். அந்தர காந்தாரம் ரிஷபத்திலிருந்து எட்டப் போய் நிற்கும். புதிதாகப் பாடும் குழந்தை இந்த இடைவெளியைத் தன்னை அறியாமல் குறுக்கிவிடும். ரிஷபம் கொஞ்சம் ஏறும், காந்தாரம் கொஞ்சம் இறங்கும். கேட்பவர்களுக்குப் பெரிய தவறாகத் தெரியாது. "அழகாகப் பாடுகிறாள்" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள்.

அந்த இடத்தில்தான் ஆசிரியர் வேண்டும். அவர் அங்கேயே நிறுத்துவார். "ரிஷபத்தை இன்னொரு தடவை பாடு" என்பார். தானும் பாடிக் காட்டுவார். குழந்தையின் குரல் இடத்தில் போய் நிற்கும்வரை அடுத்த வரிசைக்குப் போகமாட்டார். இதைச் செய்யாமல் சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவர் நோட்டுப் புத்தகத்தை நிரப்புகிறார். கமகங்கள் நிறைந்த நம் இசையில் எழுதித் தரக்கூடியது கொஞ்சம்தான். ஒரு ஸ்வரம் எங்கே அசைய வேண்டும், எவ்வளவு அசைய வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்கும், மாணவர் வாயிலிருந்து ஆசிரியர் காதுக்கும் போய் வந்துதான் ஆகவேண்டும். இதில் இரண்டாவது பயணம் நடக்காத வகுப்பு வகுப்பே ஆகாது.

பெரிய பாடகரிடம் சேர்த்தால் பிள்ளையும் பெரிய பாடகராகும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டைகர் வரதாச்சாரியாருடைய குரல் இனிமையான குரல் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சென்னை மியூசிக் அகாடமி 1931இல் ஆசிரியர்களை உருவாக்குவதற்காகவே ஒரு கல்லூரி தொடங்கியபோது, அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கலாக்ஷேத்ராவிலும் அவர் கற்பித்தார். அவருடைய மாணவர் எம்.டி.ராமநாதன் தாழ்ந்த, கனத்த குரலில், மிகவும் நிதானமான காலப்பிரமாணத்தில் பாடியவர். யாருடைய சாயலும் இல்லாத பாணி அவருடையது. தம் கீர்த்தனைகளில் "வரததாஸ" என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார். அந்தக் குரலை மாற்ற முயலாமல், அந்தக் குரலுக்கு என்ன வரும் என்று கேட்டறிந்து வளர்த்த ஆசிரியருக்கு மாணவர் செய்த மரியாதை அது.

இன்னொரு சான்று மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். அவருக்குக் கர்நாடக இசையைக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர், வாய்ப்பாட்டுக்காரர். அவர் பாடுவார், சிறுவன் அதை மாண்டலினில் எடுப்பான். கமகம் சரியாக விழுந்ததா இல்லையா என்பதை அவர் காது சொன்னது. விரல் எங்கே போக வேண்டும் என்பதைச் சிறுவன் தானே கண்டுபிடித்தான். கர்நாடக இசை மேடையில் மாண்டலினுக்கு அப்படித்தான் ஓர் இடம் கிடைத்தது.

நம் காலத்தில் பி.எஸ்.நாராயணஸ்வாமியைச் சொல்ல வேண்டும். செம்மங்குடி சீனிவாச ஐயரின் சீடரான அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கற்பிப்பதற்கே கொடுத்தார். வயலின் கலைஞர்களாக அறியப்பட்டிருந்த ரஞ்சனியும் காயத்ரியும் அவரிடம் பாடம் கற்று முன்னணி வாய்ப்பாட்டுக் கலைஞர்கள் ஆனார்கள். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பாடுகிறார்கள். மாணவர்கள் எல்லோரும் ஆசிரியரின் நகலாகவே பாடினால் அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாடாந்தரம், அதாவது கற்ற பாட்டு மரபு, ஒன்றாக இருக்கலாம். குரலும் கற்பனையும் அவரவருடையதாக இருக்க வேண்டும்.

மேடைக் கலைஞர்கள் நல்ல ஆசிரியர்களாக இருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு திறமைகள். இரண்டும் ஒருவரிடம் அமைவது பாக்கியம். ஆனால் பெரிய கலைஞர் என்று சேர்த்த இடத்தில் அவர் மாதத்தில் பாதி நாள் கச்சேரிக்காக வெளியூர் போய்விட்டால், மூத்த மாணவர்தான் பாடம் நடத்துவார். அப்போது நீங்கள் தேர்ந்தெடுத்தது அந்த மூத்த மாணவரை. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

சரி, ஒருவருக்கு நல்ல காது இருக்கிறது என்பதை இசை தெரியாத பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். சேருவதற்கு முன் ஒரு நாள், ஓர் ஓரமாக, பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ராகம் தெரிய வேண்டாம், தாளம் தெரிய வேண்டாம். பாடம் தொடங்குமுன் சுருதி சேர்க்கிறார்களா என்று பாருங்கள். தம்புராவோ சுருதிப்பெட்டியோ கைபேசிச் செயலியோ, ஏதாவது ஒன்று வகுப்பு முடியும்வரை ஒலிக்க வேண்டும். அடுத்து, ஆசிரியர் எத்தனை முறை நிறுத்துகிறார் என்று பாருங்கள். நிறுத்தாமலே ஒரு பாட்டு முழுவதும் ஓடிவிட்டால், ஒன்று அந்த மாணவர் தேர்ந்தவர், இல்லையேல் ஆசிரியர் கேட்கவில்லை. நிறுத்தும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதும் முக்கியம். "சரியில்லை, மறுபடியும் பாடு" என்று மட்டும் சொல்கிறவரைவிட, "பஞ்சமத்தில் நில், மூச்சை அதற்கு முன்னால் எடு" என்று சொல்கிறவர் மேலானவர். பிழை எங்கே, காரணம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகளின் கைகளையும் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தானே தாளம் போடுகிறதா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் போடுகிறதா? கடைசியாக, பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். ஆசிரியர் திருத்தும்போது முகம் சுருங்கினால் அங்கே பயம் ஆள்கிறது. பயந்த தொண்டையிலிருந்து நாதம் வராது. கண்டிப்பு வேண்டும், அவமானம் கூடாது. "உனக்குச் சங்கீதமே வராது" என்று ஒரு குழந்தையிடம் சொல்கிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அவர் வீட்டு வாசலை மிதிக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் ஐம்பது அறுபது வயதுவரை வாய் திறக்காமலே இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

குழு வகுப்பா, தனி வகுப்பா என்று கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சிறிய குழு நல்லது. கூச்சம் போகும், ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்பார்கள், கேள்வி ஞானம் வளரும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் தனியாகப் பாட வைக்காமல் எல்லோரையும் சேர்ந்தே பாட வைத்தால், கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் ரிஷபத்தை யார் கேட்பார்கள்? நான்கைந்து பேருக்கு மேற்பட்ட குழு என்றால், ஒவ்வொருவரையும் தனித்துப் பாடச் சொல்கிறாரா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். கீர்த்தனை தொடங்கும் நிலைக்கு வந்துவிட்டால் வாரம் ஒரு முறையாவது தனிப்பாடம் அவசியம்.

எந்த வயதில் சேர்க்கலாம்? ஐந்தாறு வயதில் பாட்டு தொடங்கலாம். அதற்கு முன் வீட்டில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தாலே போதும், அதுதான் முதல் வகுப்பு. தாளத்தோடு கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார முடிந்தால் குழந்தை தயார். சுருதி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டி வரும், ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று வரும். தம்முடைய குரலுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் அதிலேயே பாடச் சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது குழந்தையின் கழுத்து நரம்பு புடைத்தாலும், கீழே இறங்கும்போது குரல் காணாமல் போனாலும் சுருதி பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை மாற்றித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டிக் குரல் உடையும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இந்தக் காலத்தில் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி வதைப்பதும் தவறு. பாட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடுவதும் தவறு. சுருதியை இறக்கி, மெதுவாக, குறைந்த நேரம் பாடவைத்து, மீதி நேரத்தில் கேட்கவும் தாளப் பயிற்சி செய்யவும் வைப்பவர்தான் விவரம் தெரிந்த ஆசிரியர். நம் பக்கத்துத் திருவிடைமருதூரில் சகாராம ராவிடம் பயின்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். அவருக்கு இளமையில் குரல் கெட்டு, வயலினுக்கு மாறிவிடு என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் மாறவில்லை. 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் செய்தே குரலை வழிக்குக் கொண்டுவந்தார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் பாடினார். உடைந்த குரல் முடிந்துபோன குரல் இல்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

வாத்தியம் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு உடல் அளவு முக்கியம். வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. பெரிய வயலினை வாங்கினால் பின்னாலும் உதவும் என்று கணக்குப் போட்டால், எட்டாத விரலும் வளைந்த தோளும்தான் மிச்சம். புல்லாங்குழலிலும் விரல்கள் துளைகளை முழுமையாக மூடுகின்ற அளவு வேண்டும். வாத்தியத்தை ஆசிரியர் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். கீபோர்டு பற்றி ஒரு வார்த்தை. மேற்கத்திய இசை கற்க அது நல்ல வாசல். கர்நாடக இசையை அதில் கற்றால் ஸ்வரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், கமகம் விரலுக்கு வராது. ஆகவே எந்த இசை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், வாத்தியம் அதற்குப் பின். நாகஸ்வரமும் தவிலும் செழித்த மண் இது. அந்த இரண்டையும் கற்க விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்போது பெற்றோர்களிடம் ஒரு கேள்வி. இசை கற்க வேண்டும் என்பது யாருடைய ஆசை? உ.வே.சாமிநாதையருடைய கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தவர். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் குருகுலமாக இருந்து சங்கீதம் கற்றவர். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவருடைய ஆவல். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மகன் சேர்ந்தபோது, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசைப் பாடத்துக்கும் ஏற்பாடு செய்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய பாரதியார்! அவரைவிடப் பெரிய ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார்? ஆனாலும் அந்தப் பாடம் நீடிக்கவில்லை. இசையில் ஈடுபட்டால் இலக்கியத்தில் கருத்துக் குறையும் என்று மகாவித்துவான் எண்ணினார். மாணவரின் உள்ளமும் தமிழிலேயே ஊன்றியிருந்தது. இசைப் பாடம் நின்றது. பின்னாளில் அந்த மாணவர் ஏட்டுச்சுவடிகளிலிருந்து சங்க நூல்களை மீட்டுத் தந்தார். பாரதியாரையும் கனம் கிருஷ்ணையரையும் பற்றி நூல்களும் எழுதினார்.

கிடைத்த ஆசிரியர் எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும், பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்பதைத் தகப்பனார் முடிவு செய்ய முடியாது என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை பாட்டு, செவ்வாய்க்கிழமை சதுரங்கம், புதன்கிழமை அபாகஸ், வியாழக்கிழமை நீச்சல் என்று ஓடும் பிள்ளைக்குச் சாதகம் செய்ய நாள் எங்கே? ஒரு வருடம் பாட்டுக்குப் போகட்டும். ஒரு வருடம் நேர்மையாகக் கற்ற பிறகும் பிள்ளையின் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வருடம் வீணாகாது. நல்ல ரசிகர் ஒருவர் உருவாகியிருப்பார்.

அடுத்து, தேர்வும் போட்டியும். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் துறை இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகள் நடத்துகிறது. இலங்கையில் வட இலங்கை சங்கீத சபையின் தரத் தேர்வுகள் பல தலைமுறைகளாக மாணவர்களை உருவாக்கியிருக்கின்றன. பியானோ, கிட்டார் கற்பவர்கள் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு நிலைத் தேர்வுகளை எழுதுகிறார்கள். படிப்பதற்கு ஓர் ஒழுங்கு தருவதால் இவற்றால் நன்மை உண்டு. ஆனால் தேர்வுக்குரிய நாலு பாட்டை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போட வைக்கும் வகுப்பில் இசை வளராது. தொலைக்காட்சிப் போட்டிக்குத் தயார் செய்கிறோம் என்று சொல்லும் வகுப்புகளிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு வருடத்தில் வர்ணம், இரண்டு வருடத்தில் மேடை என்று வாக்குத் தருகிறவர், உங்கள் பிள்ளையின் குரலைக் கேட்பதற்கு முன்பே அந்த வாக்கைத் தந்துவிட்டார் என்பதை மறக்காதீர்கள்.

இணைய வழிப் பாடம் இன்று பலருக்கு வரப்பிரசாதம். நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளை திருவையாற்றில் இருப்பவரிடம் கற்கிறது. ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலி போய்ச் சேரச் சற்றுத் தாமதம் ஆவதால் இருவரும் ஒரே நேரத்தில் தாளத்தோடு பாட முடியாது. ஒருவர் பாடி ஒருவர் திருப்பித்தான் பாட வேண்டும். வீடியோ செயலிகள் தம்புரா நாதத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அசல் ஒலி அமைப்பை இயக்கிவைத்து, மாணவர் பக்கத்திலேயே சுருதி ஒலிக்க வேண்டும். சுருதி பிடிபடாத தொடக்க நிலைக் குழந்தைக்கு நேரடிப் பாடமே சிறந்தது. அடிப்படை தேர்ந்தவர்களுக்கு இணையம் நன்றாக உதவும்.

பெரியவர்கள் பக்கம் வருகிறேன். "இந்த வயதில் எனக்கு யார் சொல்லித்தருவார்கள்?" என்று கேட்கும் அம்மாக்களையும், பணி ஓய்வு பெற்றவர்களையும் இந்த அவையில் காண்கிறேன். இளையராஜா சென்னையில் திரைப்பட இசைக் குழுக்களில் வேலை செய்துகொண்டே, இருபத்தைந்து வயதை ஒட்டித் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை இலக்கணம் கற்றார். கர்நாடக இசையை டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி.ரங்கநாதனிடம் இளைஞராகச் சேர்ந்து, பிறகு இந்தியாவில் டி.விஸ்வநாதனிடமும் பயின்று, தமிழும் தெலுங்கும் தாய்மொழியாக இல்லாத நிலையிலும் திருவையாற்று ஆராதனையில் பாடும் அளவுக்கு உயர்ந்தார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம்மவர்கள் அன்போடு அழைத்தார்கள்.

எல்லோரும் அந்த உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. பெரியவர்களுக்குப் புரிந்துகொள்ளும் சக்தி அதிகம், பாட்டின் பொருள் தெரியும், பல வருடக் கேள்வி ஞானம் இருக்கும். குரல் மட்டும் உடனே பணியாது. அதற்கேற்ற ஆசிரியரைத் தேடுங்கள். குழந்தைகளுக்கு நடத்துவதுபோலவே உங்களுக்கும் நடத்துகிறவர் வேண்டாம். "வயதானவர்தானே, நாலு பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று சரளி வரிசையையே தாண்டிவிடுகிறவரும் வேண்டாம். உங்கள் நோக்கத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேத்திக்குப் பாட வேண்டுமா, கோயிலில் தேவாரம் பாட வேண்டுமா, கச்சேரியில் ராகம் கண்டுபிடிக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் வேறு.

பாதுகாப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். குருவிடம் பக்தி என்ற பெயரால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற நிலை இருக்க வேண்டும். அதை மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். வீட்டில் சொல்லாதே என்று ஆசிரியர் சொல்லும் எதுவும் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். வகுப்புக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை திடீரென்று அடம்பிடித்தால், சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். குழந்தைகளைப் பாதுகாக்க 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற உதவி எண் இருக்கிறது. நல்ல ஆசிரியர் எவரும் இந்தக் கவனத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

எங்கே தேடுவது? அரசு நடத்தும் இடங்களை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அவை நினைவுக்கே வருவதில்லை. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருவாரூர், சீர்காழி போன்ற ஊர்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் கற்பிக்கின்றன. ஜவகர் சிறுவர் மன்றங்கள் குழந்தைகளுக்கு விடுமுறை நாட்களில் கலை வகுப்புகள் நடத்துகின்றன. இந்த இடங்களில் படித்து வெளிவந்த இளைஞர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். தேவாரம் கற்க, கோயில் ஓதுவாரைப் போய்க் கேளுங்கள். உள்ளூர்க் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவரிடம் கேளுங்கள். நூறு பேர் பாடக் கேட்டவர் அவர், யாருடைய மாணவர்கள் சுருதியோடு பாடுகிறார்கள் என்று அவருக்கு நிச்சயம் தெரியும். ஆசிரியரின் பழைய மாணவர்கள் பாடுவதைக் கேளுங்கள். எந்த விளம்பரத்தைவிடவும் நம்பத்தக்க சாட்சி அவர்களுடைய பாட்டு.

சேர்ந்தபின் பெற்றோருக்கும் கடமை உண்டு. கட்டணம் மாதத்துக்கா, வகுப்புக்கா, விட்டுப்போன வகுப்புக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பேசிய தொகையைத் தேதி தவறாமல் கொடுங்கள். கலைக்கு விலை உண்டா என்று பேசிக்கொண்டே ஆசிரியரின் சம்பளத்தை இழுத்தடிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது ஒழிய வேண்டும். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, அவர் பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம் உண்டு. பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டில் தினமும் இருபது நிமிடம் சுருதியோடு சாதகம் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பாடுவதைவிட அது பல மடங்கு பலன் தரும்.

ஆசிரியரை மாற்றலாமா என்று தயக்கத்தோடு கேட்கிறார்கள். மாற்றலாம். ஓராண்டுக்கு மேலாகியும் சுருதி சேரவில்லை, பிள்ளையின் பிழைகளை யாரும் திருத்தவில்லை, பிள்ளைக்குப் பாட்டே வெறுத்துப்போகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வர்ணத்துக்குப் போய்விட்டது என்பதற்காக மாற்றாதீர்கள். மாற்றும்போது நேரில் போய், நன்றி சொல்லி, விடைபெற்று வாருங்கள். செம்மங்குடியே ஒருவருக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் பயின்றவர்தான். ஒருவரிடம் தொடங்கி இன்னொருவரிடம் வளர்வதில் குருத்துரோகம் எதுவும் இல்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த விஜயதசமிக்கு உங்கள் பிள்ளையையோ உங்களையோ பாட்டில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் குறைந்தது இரண்டு ஆசிரியர்களின் வகுப்புகளில் போய் உட்காருங்கள். அவர்கள் பாடுவதை ரசிக்கப் போகாதீர்கள். அவர்கள் கேட்பதைக் கவனிக்கப் போங்கள். பிழையைக் கேட்டவுடன் நிறுத்தி, காரணம் சொல்லி, பொறுமையாகத் திருத்துகிற ஒருவரைக் கண்டால் அவருக்குப் புகழ் இருக்கிறதா என்று பார்க்காமல் அவரிடமே சேருங்கள். அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகிற பொறுப்பு நம்முடையது.